லாச்சப்பல் அறையில் ஒரு நாடாளுமன்றம்

எண்பத்தேழாம் ஆண்டு ஆவணி மாதத்தில், லாச்சப்பல் மெத்ரோ நிலையத்துக்குப் பின்னால் ஐந்தாம் மாடியில் இருந்த எங்கள் அறையில், இலங்கையின் அரசியல் யாப்பு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விவாதத்துக்கு எடுக்கப்பட்டது. கொழும்பில் அதற்கான சட்டத்தை இன்னும் எழுதி முடித்திருக்கவில்லை. எங்கள் அறையில் அதற்குத் திருத்தங்களே வந்துவிட்டன.

ஆடி மாதக் கடைசியில் இலங்கையும் இந்தியாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. அதன்படி யாப்பை மாற்ற வேண்டும். வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணம். அதற்கு ஒரு மாகாண சபை. தமிழும் ஆட்சிமொழி. பிறகு கிழக்கில் ஒரு வாக்கெடுப்பு வைத்து, சேர்ந்திருப்பதா பிரிவதா என்று கேட்பார்கள். இவ்வளவுதான் எனக்கு விளங்கியது. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். ஊரில் கூட்டுறவுக் கடையில் நிறுத்துக் கொடுத்தேன். பாரிஸில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவினேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே வராது.

அறையில் நாங்கள் ஆறு பேர். எல்லோரிலும் மூத்தவர் ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த லிகிதர். இங்கே காலையில் அலுவலகங்களில் தரை துடைத்தார். ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பிரதி ஒன்று லண்டனிலிருந்து அவருக்கு வந்திருந்தது. ஆகவே அவர்தான் சபாநாயகர். அவருக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுப்பவர் கம்பஸ் தம்பி. பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவர் என்பதால் அந்தப் பெயர். மற்றவர், எதையும் வேடிக்கையாக்கும் பகிடிக்காரர். பிட்ஸா கடையில் மா குழைத்தார். மிச்சம் இரண்டு பேரும் அண்ணன் தம்பி. தம்பி எப்போதும் அண்ணன் கை உயர்த்தினால் தானும் உயர்த்துவார்.

சபைக்குச் சில விதிகள் இருந்தன. எல்லாம் லிகிதர் ஏற்படுத்தியவை. அகப்பையால் பானை மூடியில் தட்டினால் மற்றவர்கள் பேச்சை நிறுத்த வேண்டும். விவாதம் முடிந்து வாக்கெடுப்பு நடந்த பிறகுதான் சாப்பாடு. இன்னொரு விதி, அன்றைக்குச் சமையல் முறை யாருக்கோ அவருக்கு வாக்கு இல்லை. ஒருதடவை அண்ணன்காரர் தன் முறையன்று இரண்டு கையையும் ஆட்டிப் பேசிக்கொண்டிருந்ததில் ஆட்டிறைச்சி முழுவதும் அடிப்பிடித்துப் போனது. அன்றிலிருந்து சமைக்கிறவர் அடுப்பைப் பார்த்தால் போதும் என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும். அந்த விதி எனக்கு என்ன செய்தது என்பதைத்தான் எழுத வந்தேன்.

என் மனைவியும் மகளும் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். ஆனி மாதத்தில், ஊரில் சண்டை நடந்தபோது, கையில் எடுத்ததோடு வெளிக்கிட்டு வந்தவர்கள். என்னிடம் வந்து சேருவதற்காகவே கொழும்புக்கு வந்தார்கள். ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவன் பயணத்தை ஒழுங்கு செய்திருந்தான். அதற்குள் ஒப்பந்தம் வந்துவிட்டது. லொட்ஜில் இருந்த சனம் ஒவ்வொரு குடும்பமாகப் பெட்டி கட்டி, யாழ்ப்பாணப் பஸ் ஏறத் தொடங்கியது.

ஆவணி நடுவில் ஒரு ஞாயிறு தொலைபேசியில் மனைவி கேட்டாள்.

"எல்லாரும் ஊருக்குப் போகினம். பக்கத்து அறை ரீச்சரும் போட்டா. பிள்ளை பள்ளிக்கூடம் போகப்போறன் எண்டு ஒரே அழுகை. ஏஜென்சிக்காரன் அடுத்த கிழமை கடைசி எண்டுறான். இல்லையெண்டா எங்கடை இடத்தை வேறை ஆக்களுக்குக் குடுத்திடுவானாம். நாங்கள் அங்கை வாறதோ, ஊருக்குப் போறதோ? நீங்கள் சொல்லுங்கோ, நான் அதைச் செய்யிறன்."

அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றேன். அந்தக் கிழமை முழுவதும் கோப்பைகளை இயந்திரத்தில் அடுக்கும்போதும் எடுக்கும்போதும் அதே யோசனைதான். புதன்கிழமையளவில் முடிவு செய்துவிட்டேன். சட்டம் நல்லதாக இருந்தால் நல்லது. அது வந்து நிலைத்த பிறகு மூன்று பேருமாகத் திரும்பிப் போகலாம். இப்போது அவர்கள் இங்கே வரட்டும்.

அறையில் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. வருகிறவர்களைத் தங்கவைக்க ஓர் இடம் வேண்டும். லிகிதருக்குப் பாரிஸுக்கு வெளியே பொண்டி என்ற புறநகரில் புதுச்சேரிக்காரர் ஒருவரைத் தெரியும், அவர் வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு விடுகிறவர். அதைக் கேட்கத்தான் நான் வாய் திறந்தேன். ஞாயிறு காலை, வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது. அன்றைக்குச் சமையல் என் முறை.

"அண்ணை, என்ரை ஆக்களைக் கூப்பிடுவம் எண்டு யோசிக்கிறன். அந்தப் பொண்டி ஆளிட்டை ஒருக்கா..."

லிகிதர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப கூப்பிடப்போறியளோ? ஒப்பந்தம் வந்து ஒரு மாசமாகேல்லை!"

"ஓம் அண்ணை. அதுதான்..."

"இஞ்சை பாருங்கோ. இது உங்கடை வீட்டு விசயம் மட்டும் இல்லை. யாப்பு மாறப்போகுது. சனம் திரும்பிப் போனாத்தான் உலகம் நம்பும். நீங்கள் பெண்சாதி பிள்ளையை இஞ்சை கூப்பிட்டா அதுக்கு என்ன அர்த்தம்? எனக்கு இந்த யாப்பிலை நம்பிக்கை இல்லை எண்டுதானே அர்த்தம்?"

கம்பஸ் தம்பி மெத்தையிலிருந்து எழும்பி உட்கார்ந்தார்.

"அப்பிடியே அர்த்தமாகட்டும். ஆர் நம்பச் சொன்னது? சேர்த்துப்போட்டுப் பிறகு பிரிக்கிறதுக்கு வாக்கெடுப்பு வைக்கிறானாம். இது யாப்போ, சீட்டு விளையாட்டோ? அண்ணை, நீங்கள் கூப்பிடுங்கோ. கூப்பிட்டா அது ஒரு எதிர்ப்பு."

"எதிர்ப்பு இல்லைத் தம்பி," என்றேன். "பிள்ளைக்குப் பதினாலு வயசு..."

அகப்பை மூடியில் விழுந்தது.

"ஒழுங்கு! ஒழுங்கு! சமையல் முறைக்காரர் குறுக்கிடக்கூடாது."

பகிடிக்காரர் சிரித்தார். "சபாநாயகர் அவர்களே, பிரேரணையைக் கொஞ்சம் விளங்கப்படுத்துங்கோ. இப்ப நாங்கள் யாப்புக்கு வாக்குப் போடுறமோ, இல்லாட்டி அண்ணையின்ரை மனிசிக்கு வாக்குப் போடுறமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். வெங்காயம் வெட்டியதில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து யாரும் எதுவும் நினைத்திருக்கமாட்டார்கள்.

"இரண்டும் ஒண்டுதான்," என்றார் லிகிதர். அவர் பகிடியாகச் சொல்லவில்லை. "யாப்பை ஏற்கிறமெண்டா சனம் போகவேணும். ஏற்கேல்லையெண்டா வரவேணும். இடையிலை ஒண்டும் இல்லை."

அதன் பிறகு ஒரு மணித்தியாலம் விவாதம் நடந்தது. நிலத்துக்கான அதிகாரம் யாரிடம், பொலீஸ் யாரிடம், மாகாண சபையைக் கலைக்கும் உரிமை யாருக்கு என்றெல்லாம் கதைத்தார்கள். லிகிதர் பிரதியை வாசித்துத் தமிழில் சொன்னார். கம்பஸ் தம்பி அதே வரியை வாங்கி வேறு மாதிரிச் சொன்னார். கீழ் வீட்டுப் பிரெஞ்சுக் கிழவர் கூட்டுகிற தும்புத்தடியால் கீழிருந்து எங்கள் தரையில் இடித்தார். "எதிர்க்கட்சியும் வந்திட்டுது," என்றார் பகிடிக்காரர். என் மகளின் பெயர் ஒருதடவையும் வரவில்லை. அவள் எந்த வகுப்பு, பள்ளிக்கூடக் கட்டடம் இன்னும் நிற்கிறதா, எங்கள் வீட்டுக் கூரையில் மிச்சம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் இறைச்சியைப் பிரட்டிக்கொண்டிருந்தேன்.

வாக்கெடுப்பு நடந்தது. லிகிதரும் அண்ணன்காரரும் ஊருக்குப் போக வேண்டும் என்று கை உயர்த்தினார்கள். அண்ணனைப் பார்த்துத் தம்பியும் உயர்த்தினார். கம்பஸ் தம்பியும் பகிடிக்காரரும் இங்கே வர வேண்டும் என்றார்கள். பகிடிக்காரர் ஏன் அந்தப் பக்கம் என்று லிகிதர் கேட்டபோது, "அக்கா வந்தா எனக்கு நல்ல மீன்குழம்பு கிடைக்கும், அதுதான் என்ரை கொள்கை," என்றார். அறையிலேயே நியாயமான பேச்சு அது ஒன்றுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

"பிரேரணை நிறைவேறியது. போறதெண்டு முடிவு," என்று லிகிதர் மூடியில் தட்டினார். "தம்பி, சோத்தைப் போடுங்கோ."

எனக்கு வாக்கு இருந்திருந்தால் மூன்றுக்கு மூன்று. ஆனால் அதைப் பற்றி அப்போது நான் கவலைப்படவில்லை. வாக்கு அவர்களுடையது, மனைவி என்னுடையவள். தொலைபேசியில் "வா" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சபை என்ன செய்யும்?

சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள். அது எங்கள் வழக்கம். கொழும்பு லொட்ஜுக்கு ஒருவர் தொலைபேசி எடுத்தால் மற்றவர்களும் கூடப் போவார்கள். அந்த லொட்ஜில் எங்கள் பக்கத்து ஊர்ச்சனம்தான் நிறைந்திருந்தது. கடைசியில் ஆளுக்கொரு சொல்லாவது சுகம் கேட்பார்கள். வேறு நாட்களில் அது எனக்குப் பிடிக்கும். மெத்ரோப் பாலத்துக்குக் கீழே இருந்தது தொலைபேசிக் கூடு. புதுத் தொலைபேசி அட்டை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். மேலே வண்டி போகும்போது மறுமுனை கேட்காது. ஒரு வண்டி போனதும் அட்டையைச் செருகினேன்.

மனிசியைக் கூப்பிடச் சொன்னேன். அவள் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் அட்டையில் காசு கொஞ்சம் கரைந்துவிட்டது. வந்ததும் கேட்டாள்.

"என்ன முடிவு?"

"முடிவு..." என்று தொடங்கினேன். கூட்டுக் கதவைத் திறந்துகொண்டு லிகிதர் தலையை உள்ளே விட்டார்.

"குடுங்கோ தம்பி, ஒரு நிமிசம். உங்களுக்குச் சொல்லத் தெரியாது. நான் தங்கச்சிக்கு வடிவா விளங்கப்படுத்துறன்."

கையிலிருந்து ரிசீவரை எடுத்துவிட்டார். பறித்தார் என்று சொல்ல மாட்டேன். மரியாதையாகத்தான் எடுத்தார். அவர் வயதுக்கு மூத்தவர். நாங்கள் வந்த புதிதில் எங்கள் எல்லோருக்கும் அகதி விண்ணப்பம் எழுதித் தந்தவர். அப்படிப்பட்ட ஒருவர் கை நீட்டினால் இல்லை என்று சொல்ல எனக்கு இன்றும் தெரியாது.

"தங்கச்சி, நான் கதைக்கிறன். ஓம், கச்சேரி ஐயாதான். ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ. இஞ்சை நாங்கள் எல்லாரும் ஆராய்ஞ்சு பாத்தனாங்கள். யாப்பு மாறப்போகுது. வடக்குக் கிழக்கு ஒரே மாகாணம். தமிழ் ஆட்சிமொழி. கந்தோர்களிலை இனித் தமிழிலை எழுதலாம். விளங்குதோ? நில அதிகாரம்..."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்னத் திரையில் இலக்கம் இறங்கிக்கொண்டே இருந்தது. "அண்ணை, அட்டை முடியப்போகுது," என்றேன். அவர் ஒரு விரலை உயர்த்திப் பொறுங்கோ என்றார். கம்பஸ் தம்பி வெளியிலிருந்து கத்தினார்.

"நில அதிகாரம் இல்லை எண்டதையும் சொல்லுங்கோ! பொய் சொல்லாதேங்கோ!"

"ஆர் பொய் சொன்னது?" என்று லிகிதர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்துக் கத்தினார். "பின் இணைப்பை வாசிச்சனியோ?"

இவர்கள் இங்கே சண்டை பிடிக்க, அங்கே என் மனைவி பொத்தின கையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேலே ஒரு வண்டி வந்தது. அது போய் முடிந்தபோது லிகிதர் "ஓம், போங்கோ, பயமில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் கையிலிருந்து ரிசீவரை எடுத்தேன். என் வாழ்க்கையில் ஒரு மூத்த மனிதரின் கையிலிருந்து ஒரு பொருளை இழுத்து எடுத்தது அப்போதுதான். காதில் வைத்தபோது 'பீப்' என்ற சத்தம் மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. அட்டை விற்கும் தபாக் கடை மூடியிருந்தது. ரூ லூயி-பிளாங் தெருப் பக்கம் திறந்திருந்த ஒரு கடைக்கு ஓடிப்போய் இன்னொன்று வாங்கி வந்தேன். அதற்குள் கூட்டுக்கு முன்னால் வரிசை. என் முறை வந்தபோது லொட்ஜ் இலக்கம் விடாமல் எங்கேஜாகவே இருந்தது. அடுத்தநாள் வேலை இடைவேளையில் எடுத்தேன். லொட்ஜ்காரர் சொன்னார், "அவையள் காலமை பஸ்ஸிலை போட்டினம் ஐயா. நீங்கள்தானாம் போகச் சொன்னது."

அறைக்கு வந்து இதைச் சொன்னேன். லிகிதர் சந்தோசப்பட்டார். "நல்ல காரியம்," என்றார். "உங்கடை பேர் சரித்திரத்திலை இருக்கும்."

ஐப்பசி மாதத்தில் யாழ்ப்பாணத்தில் மறுபடியும் சண்டை தொடங்கியது. இம்முறை, சமாதானம் காக்க வந்த இந்தியப் படையோடு. ஊரடங்கு. தொலைபேசி இல்லை, தபால் இல்லை, பஸ் இல்லை. கடைகளில் நிற்கிற ஆட்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். சனம் செத்தது ஆஸ்பத்திரியில் என்றார்கள், கோயிலில் என்றார்கள், எங்கள் ஊர்ப் பெயரையும் ஒருவர் சொன்னார், பிறகு தனக்குச் சரியாகத் தெரியாது என்றார். நான் வேலைக்குப் போனேன், வந்தேன். ஒரு கிளாஸ் கையில் உடைந்து வெட்டியபோது உணவக முதலாளி வீட்டுக்குப் போகச் சொன்னார். வீடு என்றால் அந்த அறை. அதனால் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு கழுவினேன்.

கார்த்திகையில் கொழும்பு நாடாளுமன்றத்தில் யாப்புத் திருத்தம் நிறைவேறியது. அந்த ஞாயிறு எங்கள் சபையும் கூடியது. நிறைவேறிய சட்டத்தை நாங்கள் ஏற்கிறோமா இல்லையா என்று வாக்கெடுப்பு. அன்று சமையல் முறை தம்பிக்காரருடையது. ஆகவே அவருக்கு வாக்கு இல்லை. லிகிதரும் அண்ணன்காரரும் ஒரு பக்கம். கம்பஸ் தம்பியும் பகிடிக்காரரும் மறுபக்கம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி, உங்கடை கையிலைதான் இருக்கு," என்றார் லிகிதர். "ஆதரவோ, எதிர்ப்போ?"

நான் மெத்தையின் ஓரத்தில் இருந்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"என்ரை மனிசியும் பிள்ளையும் உயிரோடை இருக்கினமோ எண்டு ஆராவது அறிஞ்சு சொல்லுங்கோ. பிறகு நான் கை உயர்த்துறன். எந்தப் பக்கம் வேணுமெண்டாலும் உயர்த்துறன்."

தம்பிக்காரர் பருப்பைக் கிளறுவதை விட்டுத் திரும்பினார். பகிடிக்காரர் தலை குனிந்துகொண்டார். அவர்களுக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு கம்பஸ் தம்பி, எனக்காக வாதாடுகிற ஆள், மெதுவாகச் சொன்னார்.

"அது வேறை விசயம் அண்ணை. இது கொள்கை."

"ஓம்," என்றார் லிகிதர். மூன்று மாதத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட முதல் விசயம் அதுதான். "இதை நடுநிலை எண்டு பதியலாம்."

நான் எழும்பி வெளியே போய்விட்டேன். நடந்து நடந்து கால்வாய் வரை போனேன். யார் மேல் கோபம் என்று சொல்லத் தெரியவில்லை. அவர்களில் ஒருவரும் கெட்ட மனிதர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது லிகிதர் தன் போர்வையைத் தந்தவர். அவர்களுடைய ஆட்களும் அங்கேதான் அகப்பட்டிருந்தார்கள். ஆனால் அவர்களால் கதைக்க முடிந்தது. என்னால் முடியவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு முழுதாகப் போகவில்லை.

தை மாதத்தில் ஒருநாள், அவசரத்துக்கென்று அவளிடம் இலக்கம் கொடுத்துவைத்திருந்த மரக்கறிக் கடையில் முதலாளி என்னைக் கண்டதும் கையைத் தட்டினார். "எங்கை போனனீங்கள்? உங்கடை மனிசி கொழும்பிலையிருந்து இரண்டு தரம் எடுத்திட்டா. இப்ப திரும்ப எடுப்பா, நில்லுங்கோ."

வெண்டிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். மணி அடித்தது. முதலாளி ரிசீவரை என்னிடம் தந்தார்.

"நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறம்," என்றாள் அவள், நான் கேட்பதற்கு முன்பே. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்களாம். பிறகு வவுனியா வரை நடந்தும் ட்ரக்டரிலும் வந்தார்களாம். மகளுக்குக் காலில் ஒரு காயம், ஆறிவிட்டது. வீடு இல்லை. எல்லாவற்றையும் செய்தி வாசிப்பதுபோல் சொன்னாள்.

"வாங்கோ," என்றேன். "இரண்டு பேரும் இஞ்சை வாங்கோ. உடனை வாங்கோ. அண்டைக்கும் நான் அதைத்தான்..."

"அது கச்சேரி ஐயாவின்ரை முடிவெண்டு பிறகு விளங்கினது," என்றாள். "நீங்கள் அவ்வளவு நேரம் யாப்பு கதைக்கிற ஆளே? நான் உங்களைக் கேக்கிறதுக்கு எடுக்கேல்லை. வேறை ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடிச்சிட்டன். வெள்ளிக்கிழமை வெளிக்கிடுறம். எந்த வழியாலை எண்டு அவன் சொல்லேல்லை. எப்ப வந்து சேருவம் எண்டும் தெரியாது. உங்களுக்கு அறிவிக்கத்தான் எடுத்தனான்."

மகள் பின்னாலிருந்து "அப்பா" என்று ஒருதடவை சொன்னாள். பிறகு அவர்கள் பக்கத்தில் தொடர்பு அறுந்துபோனது.

அறைக்குப் போனேன். மாகாண சபைத் தேர்தலில் நிற்பதா பகிஷ்கரிப்பதா என்று விவாதம் போய்க்கொண்டிருந்தது. லிகிதரிடம் பொண்டிக்காரரின் விலாசத்தைக் கேட்டேன்.

"இப்ப ஏன்? ஆர் வருகினம்?"

"என்ரை ஆக்கள்."

"இப்பவோ! தேர்தல் வரப்போகுதெல்லே. கொஞ்சம் பொறுத்துப் பாத்தா..."

"விலாசத்தைத் தாங்கோ அண்ணை," என்றேன்.

அவர் பேனையை எடுத்தார். பிறகு ஒப்பந்தப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் வெறுமையாக இருந்த மூலையில் எழுதிக் கிழித்துத் தந்தார்.

கார்-து-லெஸ்ட் நிலையத்தில் வண்டி ஏறினேன். பொண்டியில் இறங்கி வழி கேட்டுப் போய்ச் சேர இருட்டத் தொடங்கிவிட்டது. கதவைத் திறந்தவர் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர். பிரெஞ்சு கலந்த புதுச்சேரித் தமிழ்.

"ஷாம்பர் சின்னதுதாங்க, ஒரே அறை. குசினியில சமையல் பொதுவா வச்சிக்கணும். எத்தினி பேரு?"

"மூண்டு பேர்."

"ஃபமீ, பொஞ்சாதி புள்ளைங்க, வந்தாச்சா?"

அவர்கள் வந்து சேரச் சித்திரை மாதமாகும் என்று எனக்கு அப்போது தெரியாது. எந்த நாட்டில், எந்த அறையில், யாருடைய முடிவுக்காகக் காத்திருக்கப் போகிறார்கள் என்றும் தெரியாது.

"வந்துகொண்டிருக்கினம்," என்றேன். "நான் அறையை இண்டைக்கே எடுக்கிறன்."

பெரியவர் தலையாட்டிவிட்டுச் சாவியை எடுக்க உள்ளே போனார். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.